கடனும் அதன் ஈடும்

வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பம் வீடு மாற வேண்டியிருக்கிறது. புதிய வீட்டுக்கு முற்பணம் கேட்கிறார்கள். கையிருப்புப் போதாது, ஓர் இலட்சம் ரூபாய் குறைகிறது. இந்நிலையில் குடும்பத் தலைவி தட்டக்கூடிய வாயில்கள் நான்கு. உறவினரிடம் கைமாற்று, அயலவர் நடத்தும் சீட்டு, செட்டியார் தெருவிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள அடகு கடை, வங்கி என்பனவே அவை. நான்கிலும் கிடைப்பது ஒரே ரூபாய்தான். ஆயின் ஒவ்வொன்றிலும் ஈடாக நிற்கும் பொருள் வேறு. திருப்பிக் கொடுக்கும் முறையும் வேறு. தாம் எதை ஈடு வைக்கிறோம் என்பதை அறிந்தவரே கடனின் உண்மை விலையை அறிந்தவராவர்.

கைமாற்றில் வட்டி இல்லை; பத்திரமும் இல்லை. அங்கே ஈடாக நிற்பது உறவு. எப்போது திருப்புவது என்று பேசிக்கொள்ளாமையே இக்கடனின் பெருங்குறை. கொடுத்தவர் கேட்கக் கூசுவார். வாங்கியவர் எதிரில் வரக் கூசுவார். ஆகவே தொகையையும் திருப்பும் நாளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நம்பிக்கைக் குறைவன்று. உறவுக்கு இடும் வேலியாகும்.

சீட்டிலே ஈடாக நிற்பது வாக்கு. பத்துப் பேர் மாதந்தோறும் பத்தாயிரம் ரூபாய் போட்டால் ஓர் இலட்சம் சேரும். அவசரமுள்ளவர் கழிவு கேட்டு முதலில் எடுக்கிறார். 15,000 ரூபாய் கழிவுக்கு எடுத்தால் அவர் கையில் வருவது 85,000. கழித்த தொகை உறுப்பினரிடையே பகிரப்படும். முதலில் எடுப்பவர் கடன் பெறுகிறார். கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். இலங்கையில் சீட்டுக்கென்றே 1935 ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலும் இத்தமிழ்ச் சொல்லே இடம்பெற்றிருக்கிறது. எனினும் அயலில் நடக்கும் சீட்டுகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே நடக்கின்றன. முன்னே எடுத்தவர் கட்டாது விட்டாலும், சீட்டுப் பிடித்தவர் ஊரை விட்டு மறைந்தாலும், பின்னே எடுக்கக் காத்திருந்தவரின் சேமிப்பே அழிகிறது.

அடகில் ஈடாக நிற்பது நகை. நகையை உரைத்துப் பார்த்து, நிறுத்து, சந்தை விலையிலும் குறைந்த ஒரு தொகையைப் பவுண் கணக்கில் கொடுப்பர். பிணையாளி வேண்டாம், சம்பளப் பத்திரம் வேண்டாம், சில நிமிடங்களில் பணம் கைக்கு வரும். இந்த எளிமையே அடகின் பயனும் ஆபத்துமாகும். தவணை முடியும்போது பலர் வட்டியை மாத்திரம் கட்டி அடகைப் புதுப்பிக்கின்றனர். வட்டி வருடத்துக்கு 18 சதவீதம் என்று கொண்டால், ஓர் இலட்சத்துக்கு மூன்று வருடங்களில் 54,000 ரூபாய் கட்டியாயிற்று. முதலோ ஒரு சதமும் குறையவில்லை. தங்கம் விலையேறும்போது அதே நகையின்மேல் மேலும் பணம் பெறுவோரும் உண்டு. நகை வீட்டுக்கு வரும் நாள் அதனால் இன்னும் தள்ளிப்போகிறது. வட்டியோடு முதலிலும் சிறிது சிறிதாகக் கட்ட இடமுண்டா என்று முதல் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும். பற்றுச்சீட்டில் எழுதிய தவணை நாளை மறந்தால், தாலிக்கொடியாயினும் ஏலத்துக்குப் போகும்.

நான்காவது வாயிலாகிய வங்கி சாமானியருக்குத் திறந்தது அண்மைக் காலத்திலேயாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் கொழும்பிலிருந்த வெளிநாட்டு வங்கிகள் பெருந்தோட்டங்களுக்கும் ஏற்றுமதி வணிகத்துக்குமே முதன்மை அளித்தன. செட்டியார் தெருவில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அவ்வங்கிகளிடம் பணம் பெற்று உள்ளூர் வணிகருக்குக் கடன் கொடுத்துவந்தனர். 1934 இல் நியமிக்கப்பட்ட வங்கி ஆணைக்குழுவின் ஆலோசனையைத் தொடர்ந்து 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. 1961 இல் மக்கள் வங்கி தோன்றியது.

வங்கியின் தனியாள் கடனில் ஈடாக நிற்பது கடன் பெறுபவரின் நாளைய சம்பளம். இங்கே வட்டி வீதத்தை மாத்திரம் கேட்டால் போதாது. வட்டி எதன்மேல் கணிக்கப்படுகிறது என்பதையும் கேட்டல் வேண்டும். ஓர் இலட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் பன்னிரண்டு மாதத் தவணையில் பெறுவதாகக் கொள்வோம். கட்டக் கட்டக் குறைந்துவரும் மீதியின்மேல் வட்டி கணித்தால், மாதத் தவணை ஏறத்தாழ 8,885 ரூபாய். முழு வட்டி ஏறத்தாழ 6,620 ரூபாய். கடைசிவரை முழு இலட்சத்தின்மேலேயே கணித்தால், தவணை 9,333 ரூபாய். வட்டி 12,000 ரூபாய். இரண்டிலும் சொல்லப்படுவது 12 சதவீதமே. ஆனால் இரண்டாவது முறையில் உண்மை வட்டி 21 சதவீதத்துக்கு மேலாகிறது. வட்டி வீதம் மாறுமா, மாறாதா என்பதும் கேட்க வேண்டியதே. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பட்டிருந்தோர் அதன் சுமையை உணர்ந்தனர்.

வங்கிக் கடனில் பிணையாளி ஒருவர் கையொப்பமிடுவதுண்டு. அவர் வெறும் சாட்சியல்லர். கடன் பெற்றவர் கட்டாவிடில் தாமே கட்டக் கடமைப்பட்டவர். தவணை தவறிய செய்தி, 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின் ஏட்டிலும் பதிவாகும். பின்பு வேறு வங்கிக்குப் போனாலும் அப்பதிவு அவருக்கு முன்னே அங்கு போய்ச் சேர்ந்துவிடும்.

வட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை, வட்டி முதலை மிஞ்சலாகாது என்று விதித்தது. 1918 ஆம் ஆண்டின் பணக்கடன் கட்டளைச் சட்டமோ, கடன் பத்திரத்தில் உண்மையாகக் கொடுத்த தொகையும், முன்கூட்டிக் கழித்த வட்டியும், வட்டி வீதமும் எழுதப்படுதல் வேண்டும் என்றது. வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்குவோரிடமிருந்து ஏழைகளைக் காப்பதே அதன் நோக்கம். நிரப்பாத பத்திரத்தில் கையொப்பமிடுபவர் சட்டம் தரும் அந்தக் காப்பைத் தாமே கைவிடுகிறார்.

வெள்ளவத்தைக் குடும்பத் தலைவி இனி எந்த வாயிலைத் தட்டுவது? மூன்று மாதத்தில் பணம் வருவது உறுதியாயின் அடகு பொருந்தும். சில மாதங்கள் பொறுக்கலாமாயின் நாணயமானவர் பிடிக்கும் சீட்டுப் பொருந்தும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் அடைக்க முடியுமாயின், குறைந்துவரும் மீதிக்கு வட்டி கணிக்கும் வங்கிக் கடன் பொருந்தும். ஒரு கடனை அடைக்க மறு கடன் எடுப்பது மாத்திரம் எவருக்கும் பொருந்தாது. கடன் பெறும் நாளிலேயே, அது தீரும் நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்பவருடைய நகை பெட்டிக்குத் திரும்பும். உறவும் வீட்டுக்குத் திரும்பும்.