எசுத்தோனியாவின் தேசியக்கொடி

எசுத்தோனியாவின் தேசியக்கொடி நீலம், கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்று சமமான கிடைப்பட்டைகளைக் கொண்டது. இந்நிறப் பெயர்களைச் சேர்த்து ஒரே சொல்லாக்கி அந்நாட்டு மக்கள் கொடியை அழைக்கின்றனர்.

இது அரசு உருவாக்கிய கொடியன்று. நாடு உருசியப் பேரரசின் கீழ் இருந்தபோது, தார்த்து பல்கலைக்கழகத்தில் செருமானிய மாணவர் சங்கங்களே ஓங்கியிருந்தன. அங்குப் பயின்ற எசுத்தோனிய மாணவர்கள் 1881-இல் தங்கள் சங்கத்துக்கெனத் தேர்ந்தெடுத்த நிறங்கள் இவை. பட்டுத்துணியில் தைத்த முதற்கொடி 1884 சூன் 4 அன்று ஒத்தேபா என்னும் ஊரில் கிறித்தவ முறைப்படி புனிதப்படுத்தப்பட்டது. 1918-இல் நாடு விடுதலையை அறிவித்தபின் மாணவர் கொடியே நாட்டுக்கொடியாயிற்று. நீலம் வானையும் கடலையும், கறுப்பு தாய்மண்ணையும் மக்கள் பட்ட துன்பத்தையும், வெள்ளை பனியையும் நம்பிக்கையையும் குறிப்பதாகக் கூறுவர்.

1940-இல் சோவியத் ஒன்றியம் நாட்டைக் கைப்பற்றியதும், தலைநகர் தாலினில் உள்ள நெட்டை எர்மன் கோபுரத்திலிருந்து கொடி இறக்கப்பட்டது. அதை வைத்திருப்பதே குற்றமாயிற்று. ஆனால் மாணவர்களின் பட்டுக்கொடி அழியவில்லை; ஒரு பண்ணைவீட்டில் ஒளித்து வைக்கப்பட்டுச் சோவியத் காலம் முழுவதும் தப்பியிருந்தது. 1989 பிப்ரவரி 24 அன்று, சோவியத் ஆட்சி முடியுமுன்பே, அதே கோபுரத்தில் மூவண்ணக் கொடி மீண்டும் ஏற்றப்பட்டது.

முதற்கொடி இப்போது தார்த்துவிலுள்ள எசுத்தோனிய தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சூன் 4 அந்நாட்டின் கொடி நாள்.