சோயா மொச்சையும் புற்றணுவும்

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண் சோயா மொச்சை உண்ணலாமா என்று பலர் அஞ்சி வினவுகின்றனர். மாணவ அன்பர்களே, அவ்வச்சத்தின் வேரை இன்று ஆராய விரும்புகிறேன்.

ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், உயிரணுவிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தோடு இணைந்து, 'பெருகுக' என ஆணையிடுகிறது. மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இவ்வாணையைப் பெற்றே வளர்கின்றன. சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன் உருவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்தது. ஆதலின், மாற்றுச் சாவிபோல அதே பூட்டில் நுழைகிறது. ஆயினும் அதன் வலிமை மிகக் குறைவு.

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர ஆய்வாளர்கள் எம்.சி.எஃப்.-7 என்னும் மார்பகப் புற்றணு வகையை அறிவித்தனர். ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் இவ்வணுக்களுக்கு ஜெனிஸ்டீனைச் சிற்றளவில் இட்டால் அவை பெருகுகின்றன. பேரளவில் இட்டால் குன்றுகின்றன. சிற்றளவில் அது ஹார்மோனைப்போல் நடிக்கிறது. பேரளவிலோ, வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் டைரோசின் கைனேஸ் நொதிகளைத் தடுக்கிறது. அப்பேரளவை உணவினால் மட்டும் குருதியில் எய்துதல் அரிது. அச்சம் பிறந்தது இங்கேதான்.

ஆனால், தட்டு வேறு, உடல் வேறு. சீனாவின் ஷாங்காய் நகரில் இந்நோயினின்று மீண்ட 5,042 பெண்களை ஆராய்ந்த முடிவு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோயா உணவை மிகுதியாக உண்டோரிடையே நோய் மீளுதலும் இறப்பும் குறைந்தே காணப்பட்டன. சோயாவே அதற்குக் காரணமென இது மெய்ப்பித்துவிடவில்லை. எனினும், உணவளவில் தீங்கு விளைந்ததாகக் காணவில்லை. செறிவாக்கிய மாத்திரைகளுக்கு இம்முடிவு பொருந்தாது. அவற்றை மருத்துவரைக் கேளாது உட்கொள்ளலாகாது.

எப்பொருள் என்பதோடு, எவ்வளவு, எவ்விடத்தில் என்றும் கேட்கப் பழகுங்கள், அச்சம் அகலும்.