மனைவி கொடைக்கானலில், கணவர் பெங்களூரில்: வருமான வரி யார், எப்படிக் கட்டணும்?

உதாரணத்துக்கு ஒரு தம்பதி. மனைவிக்குக் கொடைக்கானலில் தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை. கணவருக்குப் பெங்களூரில் ஐடி வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் மலைக்கு வந்துவிடுவார். ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் கிளம்பணும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரம் வந்தால் இந்த வீட்டில் ஒரே பேச்சுதான்: "ஏங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ரிட்டர்ன் போட முடியாதா?"

முடியாது. ஏன்?

மாநிலத்துக்குத் தனி ரிட்டர்ன் உண்டா?

இல்லை. இந்தியாவில் சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசுடையது. விவசாய வருமானத்துக்கும் தொழிலுக்கும் வரி போடும் அதிகாரம்தான் மாநிலங்களிடம் இருக்கிறது. அதனால் கொடைக்கானலோ பெங்களூரோ, வரி விகிதம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே கணவன் மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். மாநில வரியும் தனியாக உண்டு. கலிபோர்னியாவில் வருமான வரி இருக்கிறது, டெக்சாஸில் இல்லை. இங்கே அப்படி இல்லை. கல்யாணம் ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனி வரிதாரர்தான். சேர்த்துத் தாக்கல் செய்யும் வசதி வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐசிஏஐ பரிந்துரைத்திருக்கிறது.

தனித்தனி கணக்கால் என்ன ஆகும்?

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் ஒரு கணக்குப் போடலாம். கணவரின் ஆண்டுச் சம்பளம் ரூ.24.75 லட்சம். நிலையான கழிவு ரூ.75,000 போனால் ரூ.24 லட்சம். செஸ் சேர்த்து வரி ரூ.3.12 லட்சம்.

மனைவியின் சம்பளம் ரூ.5 லட்சம். வரி பூஜ்யம். ஆனாலும் கழிவு போக மீதமுள்ள ரூ.4.25 லட்சம், அடிப்படை வரம்பான ரூ.4 லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் அவரும் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆகணும்.

சம்பளக்காரருக்கு ரூ.12.75 லட்சம் வரை வரி இல்லை. மனைவிக்கு இன்னும் ரூ.7.75 லட்சம் இடம் காலியாக இருக்கிறது. ஆனால் அதைக் கணவர் எடுத்துக்கொள்ள முடியாது.

மனைவி பெயரில் டெபாசிட் போட்டால்?

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கணவர் ரூ.10 லட்சத்தை மனைவி கணக்குக்கு அனுப்புகிறார். கொடைக்கானல் வங்கியில் அவர் பெயரில் டெபாசிட். 7% வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ.70,000. வங்கி அதை மனைவியின் பான் எண்ணில்தான் பதியும். "என் பேர்லதானே இருக்கு, என் வருமானம்தானே" என்று தோன்றும்.

பணம் கொடுத்ததற்கு வரி இல்லை. ஆனால் அந்த வட்டி, சட்டப்படி கணவரின் வருமானத்தோடு சேரும். மேலே சொன்ன கணவருக்கு அது 30% அடுக்கில் விழும். செஸ் சேர்த்து ரூ.21,840 கூடுதல் வரி. காட்டாமல் விட்டுப் பின்னால் நோட்டீஸ் வந்தால், வட்டியும் அபராதமும் தனி.

வழி இல்லாமல் இல்லை. வீட்டுச் செலவைக் கணவர் பார்த்துக்கொண்டு, மனைவி தன் சம்பளத்தைத் தன் பெயரில் சேமிக்கலாம். அந்த வட்டி அவருடையதுதான்.

மாநிலத்தால் மாறுவது எது?

தொழில் வரி. இது வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. மனைவியின் தொழில் வரி கொடைக்கானல் நகராட்சிக்குப் போகும். கர்நாடகத்தில் மாதச் சம்பளம் ரூ.25,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மாதம் ரூ.200, பிப்ரவரியில் மட்டும் ரூ.300. ஆண்டுக்கு ரூ.2,500. அரசியலமைப்புச் சட்டத்தின் 276-வது பிரிவு அனுமதிக்கும் உச்சவரம்பும் அதுவே. டெல்லி, உத்தரப் பிரதேசத்தில் இந்த வரியே கிடையாது.

இரண்டு வீட்டு வாடகைக்கும் சலுகை உண்டா?

உண்டு, பழைய வரி முறையில் இருந்தால். இருவர் சம்பளத்திலும் வீட்டு வாடகைப் படி இருந்து, அவரவர் வசிக்கும் வீட்டுக்கு அவரவரே வாடகை கொடுத்தால், இருவரும் சலுகை கேட்கலாம். ஆண்டு வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் வேண்டும். ஒரே வாடகையை இருவரும் காட்டக் கூடாது. புதிய முறையில் இந்தச் சலுகை இல்லை. தொழில் வரிக் கழிவும் இல்லை.

தாக்கலுக்கு முன்...

இருவரும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து உட்காருங்கள். படிவம் 16, வாடகை ரசீது, வங்கி வட்டி விவரம் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் ஒரே கேள்வி: இது யார் சம்பாதித்த பணம்? பதில் யார் பெயரோ, வட்டி அவர் ரிட்டர்னில் வரணும்.