அடர்ரோம நாய்களும் வெயில்கால நடையும்

சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, சௌ சௌ, கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் போன்ற அடர்ந்த ரோமம் கொண்ட நாய்கள் இன்று சென்னை, மதுரை, திருச்சி போன்ற வெப்பமான ஊர்களிலும் வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் பல, குளிர்நாடுகளில் வேலைக்கென உருவான இனங்கள். ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழிவந்தது. 1925ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, கடுங்குளிரில் மருந்தைக் கொண்டு சேர்த்த வண்டிகளை இழுத்தவற்றில் இவ்வின நாய்கள் முக்கியமானவை. நாள்தோறும் ஓட வேண்டும் என்ற அதன் இயல்பு சென்னைக்கு வந்ததால் மாறிவிடுவதில்லை. ஆகவே அதை நடைக்கு அழைத்துச் செல்லாமல் வீட்டிலேயே அடைத்து வைக்கவும் முடியாது. குளிர்நாட்டில் நடத்துவது போல நடத்தவும் முடியாது.

உடல் சூடு தணியும் விதம்

நலமான நாயின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மனிதருக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். அது உடலைக் குளிர்விக்கப் போதாது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிரைப்பதுதான் அதன் முதன்மையான வழி. வாய், நாக்கு, மூக்கு ஆகியவற்றின் ஈரம் ஆவியாகும்போது இரத்தத்தின் சூடும் குறைகிறது.

இங்கேதான் கடற்கரை ஊர்களின் சிக்கல் தொடங்குகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. நாய் எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு. புழுக்கமான நாளில், வெப்பமானி குறைவாகக் காட்டும் கடலோர நகரம், அதைவிடச் சூடான ஆனால் வறண்ட உள்நாட்டு ஊரைக் காட்டிலும் நாய்க்குக் கடினமாக இருக்கக்கூடும். வெளியே செல்லுமுன் கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்ப்பவர்கள் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ரோமத்தை மழித்துவிடலாமா?

வெயில் தொடங்கியதும் பலர் கேட்கும் கேள்வி இது. அடர்ரோம இனங்கள் பெரும்பாலானவற்றுக்கு ரோமம் இரண்டு அடுக்காக இருக்கும். மேலே நீண்ட, சற்று முரடான மயிர்; அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். மேல் அடுக்கு வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காக்கிறது. அடியடுக்கு காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுக்கிறது.

"ரோமம் குளிரிலும் காக்கும், வெயிலிலும் காக்கும்" என்று சொல்லி நண்பகலில் நாயை இழுத்துச் செல்வோர் உண்டு. இது பாதி உண்மைதான். நிழலில் படுத்திருக்கும் நாய்க்கு ரோமம் பெரிய தடையல்ல. ஓடும் நாயின் நிலை வேறு. தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேற முடியாமல் அதே ரோமம் தடுத்து நிறுத்துகிறது.

அதற்காக ஒட்ட மழிப்பதும் சரியான வழியல்ல. மழித்த தோல் வெயிலில் கருகலாம். ஹஸ்கி, சௌ சௌ, பொமரேனியன் போன்ற இனங்களில் மழித்த இடத்தில் ரோமம் பல மாதங்கள் வளராமலே போவதும், வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக வருவதும் உண்டு. உதிர்ந்து உள்ளேயே சிக்கிக் கிடக்கும் அடிமயிரை நீண்ட பல் கொண்ட சீப்பால் வாரி எடுப்பதே பயனுள்ளது. ரோமம் கொட்டும் பருவத்தில் இதை நாள்தோறும் செய்யலாம். தோல்வரை காற்று போக வழி கிடைக்கும். அடர்ரோமத்தில் ஒளிந்திருக்கும் உண்ணிகளும் கண்ணில் படும். சிக்கு விழுந்து கட்டியாகிப்போன இடங்களை மட்டும் வெட்டிவிடலாம்.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய தமிழகத்து நாட்டினங்களுக்குக் குட்டை ரோமமே உள்ளது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஆயினும் நண்பகலில் ஓடவிட்டால் அவற்றுக்கும் வெப்பத்தாக்கம் வரும்.

எப்போது, எவ்வளவு தூரம்?

கோடையில் சூரிய உதயத்தையொட்டிய நேரமே மிகச் சிறந்தது. அப்போது ஈரப்பதம் கூடுதலாக இருந்தாலும், காற்றும் தரையும் அந்நாளில் மிகக் குறைந்த வெப்பத்தில் இருக்கும். மாலை ஆறு மணிக்கு வெயில் தணிந்துவிட்டதாக நமக்குத் தோன்றலாம். ஆனால் பகல் முழுவதும் சூட்டை உறிஞ்சிய தார்ச் சாலையும் சிமெண்டுத் தரையும் இருட்டிய பிறகும் அதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். பொமரேனியன் போன்ற குட்டையான நாயின் வயிறு தரையிலிருந்து சில அங்குல உயரத்தில்தான் உள்ளது; நாம் உணராத அனலை அது உணரும். மாலை நடை தவிர்க்க முடியாதது என்றால் இரவு உணவு நேரத்துக்குத் தள்ளிப்போடலாம். அக்கினி நட்சத்திர நாட்களில் இந்த ஒழுங்கு கட்டாயம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது; அத்தகைய நாட்களில் மலசலம் கழிப்பதற்கு மேல் வெளியே நிற்கத் தேவையில்லை.

தரையின் சூட்டை அறியக் கருவி வேண்டியதில்லை. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு நொடிகள் எடுக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நல்ல வெயிலில், காற்று 35 டிகிரியில் இருக்கும்போது தார்ச் சாலை 60 டிகிரியைத் தாண்டக்கூடும். புல்தரை, மண்பாதை, மரநிழல் உள்ள தெரு ஆகியவை ஏற்றவை.

தூரத்தை நாயிடம் விட்டுவிடக் கூடாது. உற்சாகமான ஹஸ்கி, களைப்பைக் காட்டாமல் இழுத்துக்கொண்டே போகும். உரிமையாளரை மகிழ்விக்க விரும்பும் ரெட்ரீவர் பந்தை நூறாவது முறையும் எடுத்து வரும். 15 அல்லது 20 நிமிட மெதுவான நடை போதும். பந்தெறிதலும், இருசக்கர வண்டியின் பின்னால் ஓடவிடுதலும் கோடையில் வேண்டாம். இரண்டாவதைப் பற்றிச் சொன்னால், எந்தப் பருவத்திலும் நகரச் சாலையில் அது நல்ல பழக்கமல்ல. மிச்ச ஆற்றலுக்கு வீட்டுக்குள் உணவை ஒளித்துவைத்துத் தேடவிடும் விளையாட்டு உதவும்.

கழுத்துப்பட்டை இழுபடும்போது மூச்சுக்குழாய் நெரியும் என்பதால் மார்புப்பட்டை மேல். வாயை இறுக்கிக் கட்டும் துணிமூடி மூச்சிரைப்பையே தடுத்துவிடும். வாய்மூடி தேவைப்படும் நாய்க்குக் கூடை வடிவிலானதைப் பயன்படுத்த வேண்டும். தண்ணீரும் ஒரு சிறு கிண்ணமும் கையில் இருக்கட்டும். முதுகில் ஊற்றும் நீர் பெரும்பாலும் மேல்மயிரிலேயே வழிந்துவிடும். வயிறு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய ரோமம் குறைந்த இடங்களை நனைப்பதே பலன் தரும். வீடு திரும்பியதும் ஈரத்தை உலர்த்த வேண்டும். இல்லையேல் புழுக்கத்தில் தோல் புண்ணாகும்.

வெப்பத்தாக்கம்

பிரித்தானியாவின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி, நாட்டிங்காம் டிரெண்ட் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2016ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவமனைகளில் பதிவான 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். லாப்ரடோருடன் ஒப்பிட, சௌ சௌ நாய்க்கு வெப்பத்தாக்கம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 17 மடங்கு. கோல்டன் ரெட்ரீவரும் ஆபத்து மிகுந்த இனங்களில் ஒன்று. பாதிக்கப்பட்ட ஏழு நாய்களில் ஒன்று இறந்தது. காருக்குள் பூட்டிவைப்பதுதான் நாயைக் கொல்லும் என்பது பரவலான எண்ணம். ஆனால் காரணம் தெரிந்த நிகழ்வுகளில் முக்கால் பங்கு, நடை அல்லது ஓட்டம் போன்ற உடலுழைப்பால் வந்தவை. இது நம்மைவிட மிகக் குளிர்ந்த நாட்டின் கணக்கு.

நாக்கு வழக்கத்தைவிட அகன்று தொங்குவது, நிழலுக்கு வந்தும் இரைப்பு அடங்காதது, கெட்டியான எச்சில், செக்கச்சிவந்த ஈறு, பின்தங்கி நடப்பது ஆகியவை தொடக்க அறிகுறிகள். தள்ளாட்டம், வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், வலிப்பு ஆகியவை வந்தால் நிலை மோசமாகிவிட்டது. உடல் வெப்பம் 41 டிகிரியை நெருங்கும்போது உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். நாயை நிழலுக்குக் கொண்டு சென்று, குழாய் நீரை உடல் முழுவதும், தோலில் படும்படி ரோமத்தை விலக்கி விலக்கி ஊற்றி, விசிறியோ அட்டையோ கொண்டு வீச வேண்டும். இளம், நலமான நாயைத் தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு நீர்த்தொட்டியில் இறக்கலாம். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடுவது தவறு. சிறிது நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். நினைவு தெளிவாக இருந்தால் குடிக்க நீர் வைக்கலாம், வாயில் ஊற்றக் கூடாது. செல்லும் வழியில் கார் சன்னலைத் திறந்தோ குளிர்சாதனத்தை இயக்கியோ காற்றுப் படும்படி வைக்க வேண்டும். நாய் எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைதல் கோளாறும் சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாட்களுக்குப் பின்னரோகூட வெளிப்படலாம். இரவிலும் இயங்கும் கால்நடை மருத்துவமனை அருகில் எங்கே உள்ளது என்பதைக் கோடை தொடங்குமுன்பே தெரிந்து, எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்க வேண்டும்.