பம்ப் நின்றால் வெள்ளம்: பக்கவாதத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை பம்புகள் இரவு பகலாக வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கிறது. அவை நின்றால் என்ன ஆகும் என்று டவுன்ஷிப்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்து பக்கவாதம் வரும்போது நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

ஒவ்வொரு மூளை செல்லின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நுண்ணிய பம்புகள் உண்டு. அவற்றுக்கான எரிபொருள் ஏடிபி. அதைத் தயாரிக்க ஆக்சிஜனும் குளுக்கோஸும் வேண்டும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவழித்தும் கையிருப்பு என்று எதையும் பெரிதாக வைத்துக்கொள்வதில்லை. அதனால் ரத்தம் நின்ற சில நிமிடங்களில் பம்பும் நிற்கிறது. சோடியம் உள்ளே பாய, கூடவே தண்ணீரும் புகுந்து செல் வீங்குகிறது.

அடுத்து வருவதுதான் மோசம். குளூட்டமேட் என்ற ரசாயனம், ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லச் சிட்டிகை அளவில் பயன்படுத்துவது. தத்தளிக்கும் செல்கள் அதை மொத்தமாகக் கொட்டிவிடுகின்றன. பக்கத்து செல்களின் கதவுகள் திறந்து கால்சியம் உள்ளே வெள்ளமாகப் போகிறது. அது உசுப்பிவிடும் நொதிகள் செல்லை உள்ளிருந்தே அரிக்கின்றன. குளூட்டமேட் அளவு மீறினால் நரம்பு செல்லைக் கொல்லும் என்பதை ஜான் ஓல்னி 1969-லேயே எலிகளில் காட்டினார்.

சாகவில்லை, பேசவில்லை

ஆனால் எல்லா செல்லும் ஒரே நேரத்தில் சாவதில்லை. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வருவது இயல்பு. அது 10-க்குக் கீழே போன நடுப்பகுதி சீக்கிரம் அழிந்துவிடும். அதைச் சுற்றி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் ரத்தத்தில் 10-க்கும் 20-க்கும் இடையில் தாக்குப்பிடிக்கும் ஒரு வளையம் இருக்கும். அங்குள்ள செல்கள் வேலையை நிறுத்திவிட்டன, உயிரை விடவில்லை. கிரகணத்தின் அரைநிழலை நினைத்து இதற்கு 'பெனம்ப்ரா' என்று பெயர் வைத்தார்கள். கை தூக்க முடியாமல், பேச்சு குழறிப் படுத்திருப்பவரிடம் காப்பாற்றக் கிடைப்பது இந்த வளையம்தான். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

அப்படியானால் அந்த வளையத்துக்கு மட்டும் ஒரு காவல் மருந்து கொடுத்தால் என்ன? கேட்காதவர்கள் இல்லை. 2006-ல் எண்ணிப் பார்த்தபோது, ஆய்வுக்கூடத்திலும் மனிதர்களிடமும் சோதிக்கப்பட்ட வழிகள் 1,026 இருந்தன. எலியைக் காப்பாற்றியவை மனிதர்களிடம் வரிசையாகத் தோற்றன. பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட 'என்எக்ஸ்ஒய்-059' என்ற மருந்து, 2007-ல் வெளியான 3,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் கைவிட்டது. நம்மூர் மருந்துச்சீட்டுகளில் இன்றும் சாதாரணமாகக் காணப்படும் சிட்டிகோலினும் 2012-ல் வெளியான ஆய்வில், 2,298 நோயாளிகளிடம் வெற்று மருந்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை.

காரணம் புரியாத புதிர் ஒன்றுமில்லை. சோதனை எலி பெரும்பாலும் இளசு, சுகர் பிரஷர் இல்லாதது. அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே, சில சமயம் அதற்கு முன்பே, அதற்கு மருந்து போய்விடும். மனிதர் வந்து சேர்வதோ பல மணி நேரம் கழித்து. அதோடு, மருந்தும் ரத்தத்தில்தான் போக வேண்டும். ரத்தமே போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்?

இந்தியாவில் 2023-ல் சொவாடெல்டைட் என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது. 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாகத் தேறினார்கள் என்பது ஆய்வு முடிவு. சோதிக்கப்பட்டவர்கள் 158 பேர்தான். நம்பிக்கை வைக்கலாம், ஆனால் இன்னும் பெரிய சோதனையில் தேற வேண்டும். கட்டியைக் கரைப்பதற்கு இது மாற்று அல்ல.

நாலரை மணி நேரம்

ஆக, பம்புக்கு மறுபடி கரண்ட் கொடுப்பதே இன்றைக்கு இருக்கும் நிச்சயமான பாதுகாப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசி 3 மணி நேரத்துக்குள் பலன் தருகிறது என்று 1995-லும், நாலரை மணி நேரம் வரை பலன் உண்டு என்று 2008-லும் நிரூபணமானது. பெரிய கட்டியைக் குழாய் செலுத்தி வெளியே எடுப்பது 2015 முதல் உறுதியான சிகிச்சை. தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை 24 மணி நேரம் வரை செய்யலாம். ஊசியிலும் ஆபத்து இல்லாமலில்லை. 1995 ஆய்வில் அதைப் போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு வந்து நிலைமை மோசமானது. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். வந்திருப்பது அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் வெளியிலிருந்து சொல்ல முடியாது. "எதுக்கும் ஒரு ஆஸ்பிரின் போட்டு வைப்போம்" என்று வீட்டில் கொடுப்பது, கசிவாக இருந்தால் வினையாகிவிடும்.

நெய்வேலியிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் சுமார் 60 கி.மீ. நாலரை மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரோட்டிலேயே போய்விடும். எனவே 24 மணி நேரமும் ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள மருத்துவமனை பக்கத்தில் எது என்று, பிரஷர் சுகர் உள்ளவர் இருக்கும் வீட்டில் முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடும்போதே "வாய் கோணிடுச்சு, கை வரல" என்று அறிகுறியைச் சொல்லிவிடுவது நல்லது. "காலையில பார்த்துக்கலாம்" என்பதும், கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்ப்பதும் அந்த வளையத்தைத்தான் தின்கின்றன.

ஷிப்ட் வேலை நடக்கும் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தாரு, பத்து மணிக்கு எழுப்புனா பேச்சு வரல" என்றால், மருத்துவர் கணக்கை ஆரம்பிப்பது பத்து மணியிலிருந்து அல்ல. அவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து. அந்த நேரம் தெரியாதபோதும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சேதம் புதியதாகத் தெரிந்தால் சிலருக்கு ஊசி போடலாம் என்று 2018-ல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. கூட வேலை பார்த்தவருக்கு ஒரு போன் போட்டு, "பஸ் ஏறும்போது நல்லாத்தான் பேசினாரா? மணி என்ன இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால், அவசரப் பிரிவில் முதலில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.