பிறர்க்காக ஓடும் கால்கள்

வைத்திக்குப்பத்துக்குத் தெற்கேயுள்ள கடற்கரைச் சாலையில் வைகறையில் ஓடுவோரை நாம் காண்கிறோம். பத்து நாள் ஓடிப் பதினோராம் நாள் போர்வைக்குள் முடங்குவோரும் அவர்களுள் உண்டு. தம் உடல்நலம் ஒன்றே கருதுவோரைச் சோம்பல் எளிதில் வெல்லும். பிறர் துயரை நெஞ்சில் ஏந்தியவரை வெல்வது அரிது.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் இதற்குச் சான்று. எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்தார். மருத்துவமனையில் உடன் துன்புற்றோரை, சிறப்பாகச் சிறுவரை, அவரால் மறக்க இயலவில்லை. 1980 ஏப்ரல் 12-ஆம் நாள், செயற்கைக் காலுடன், கிழக்குக் கடலோரத்திலிருந்து ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு 42 கிலோமீட்டர் என்பது இலக்கு! இரு கால் உள்ள நமக்கே மலைப்பாக இருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கென நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலைப் பற்றியதால் நின்றார். 1981 பிப்ரவரியில் அத்தொகை நிறைந்தது. ஜூன் 28-இல், 22 வயதில், அவர் மறைந்தார்.

அவர் பெயரால் நடைபெறும் ஓட்டம் சென்னைக்கும் வந்தது. அதில் போட்டியில்லை, நடப்போரும் சேரலாம். நம் பகுதியிலும் சிகிச்சைக்காக ஜிப்மர் சென்று வருவோர் உண்டு. அவர்தம் வழிச்செலவுக்கென இளைஞர் ஒரு ஞாயிறு ஓட முன்வந்தால், பின்வரிசையில் நடக்க நாமும் வருவோம்.