சிப்செட்டும் சூடும்

கணிப்பொறியை அதன் இயல்பான வேகத்திற்கு மேல் ஓட்டிப் பார்க்கும் ஆசை மாணவரிடையே நெடுநாளாக உண்டு. இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். மலிவாக வாங்கிய பொறியை விலை உயர்ந்த பொறிக்கு நிகராக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை இராது? ஆயினும் இந்த முயற்சியில் பலர் ஓரிடத்தில் தவறுகின்றனர். பிராசசரைக் குளிர்விக்கப் பெரிய விசிறி வாங்குவர். அதற்குச் சில அங்குலம் அப்பால் கொதித்துக்கொண்டிருக்கும் இன்னொரு சில்லை ஏறெடுத்தும் பாரார். அந்தச் சில்லைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

தாய்ப்பலகை என்னும் பெரிய மின்பலகையில், பிராசசருக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இடையே தூது போகும் சில்லுகளின் தொகுதியே சிப்செட். நெடுங்காலம் இது இரு சில்லுகளாக இருந்தது. பிராசசருக்கு அருகிலிருந்து நினைவகத்தையும் கிராபிக்ஸ் அட்டையையும் கவனித்தது ஒன்று. சற்றுத் தள்ளியிருந்து வட்டு முதலியவற்றைக் கவனித்தது மற்றொன்று. வரைபடத்தில் மேலும் கீழுமாக இருந்தமையால் முன்னதை வடபாலம் என்றும் பின்னதைத் தென்பாலம் என்றும் சொல்லலாம். மிகுதியாகச் சூடேறுவது வடபாலமே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2006-இல் இன்டெல் நிறுவனம் கோர் 2 டுவோ வரிசையை வெளியிட்டபோது அதில் மலிவானது இ6300 என்னும் பிராசசர். தாய்ப்பலகை அதற்குக் கொடுத்த தாளம் 266 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் அதனை 7 என்னும் எண்ணால் பெருக்கிக்கொண்டு 1.86 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும். அந்தப் பெருக்கெண்ணை உயர்த்த முடியாதபடி இன்டெல் பூட்டிவிட்டது. ஆகவே வேகம் வேண்டியவர்கள் தாளத்தையே உயர்த்தினர். 266-ஐ 400 ஆக்கினால் பிராசசர் 2.8 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். பலர் இதைச் செய்து களித்தனர். ஆனால் அதே தாளத்திற்குத்தான் வடபாலமும் ஆடவேண்டும். அக்காலத்துப் பி965 சிப்செட்டுக்கு இன்டெல் வகுத்திருந்த எல்லை 266. மத்தளம் விரைந்து ஒலித்தால் ஆடுபவருள் ஒருவருக்கு மட்டுமா வியர்க்கும்?

வேகம் ஏறினால் சில்லு தடுமாறும். அது தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் கூட்டுவர். இங்கேதான் கணக்குக் கடுமையாகிறது. சில்லில் பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய, வேகத்திற்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் பெருகும். வேகம் ஒன்றரை மடங்காகிறது, மின்னழுத்தம் 1.25 வோல்ட்டிலிருந்து 1.45 வோல்ட்டுக்கு ஏறுகிறது. அழுத்தத்தால் மட்டும் வெப்பம் 1.35 மடங்கு, இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் இரு மடங்கு! முன்பு 15 வாட் தந்த சில்லு இப்போது 30 வாட் தருகிறது என்று கொள்வோம். அதன்மேல் உள்ள ஹீட் சிங்க் என்னும் உலோகத் துண்டு, வாட் ஒன்றுக்கு 2 டிகிரி சூடு ஏறவிடுவது என்றும், பெட்டிக்குள் காற்றின் சூடு 40 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால், முன்பு 70 டிகிரியில் இருந்த சில்லு இப்போது 100 டிகிரியைத் தொடும். நம் ஊர்க் கோடையில் பெட்டிக்குள் 40 என்பது மிகையன்று.

சூடேறிய வடபாலம் 'நான் சுடுகிறேன்' என்று சொல்வதில்லை. பொறி திடீரென உறையும்; அல்லது தானே மறுபடி தொடங்கும். இதைவிடத் தீயது ஒன்று உண்டு. நினைவகத்திலிருந்து வட்டுக்குப் போகும் செய்தி வழியில் பிழைபட்டு, பிழையோடேயே பதிந்துவிடும். என் தங்கை மகன் கல்லூரியில் படித்தபோது இத்தகைய பொறி ஒன்றை வைத்திருந்தான். ஓர் ஆண்டு உழைத்துச் சேர்த்த ஆய்வுக் கோப்புகளைப் படியெடுத்தான். அவற்றுட் பாதி திறக்கவில்லை. நினைவகத்தின் குற்றம் என்று எண்ணி இரண்டு முறை புதிது வாங்கிப் பணத்தைத் தொலைத்தான். ஒருநாள் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதற்கு நேரே வைத்தோம். அன்றிரவு முழுதும் பொறி பிழையின்றி ஓடிற்று. சூட்டின் குற்றமா என்று அறிய இதைவிட எளிய சோதனையை நான் அறியேன்.

பிறகு ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தோம். வியப்பு என்னவென்றால், அது வெதுவெதுப்பாகவே இருந்தது! உலோகம் சுட்டால் வெப்பம் சில்லைவிட்டு வெளியே வந்திருக்கிறது என்று பொருள். சில்லு தவிக்கும்போது உலோகம் குளிர்ந்திருந்தால், இடைவழி அடைபட்டிருக்கிறது. கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் இரு பரப்புகள் உண்மையில் மேடும் பள்ளமுமானவை. பள்ளங்களில் காற்று நிற்கும். அலுமினியம் காற்றைப்போல் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆதலால் அந்த மெல்லிய காற்றே பெருஞ்சுவர். அதை விரட்டவே வெப்பப் பசையைப் பூசுகிறோம். எங்கள் பலகையில் அந்தப் பசை சுண்ணாம்பாய்க் காய்ந்து கிடந்தது.

மாற்றும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மின்சாரத்தை அறவே நீக்குக. ஹீட் சிங்கை வெடுக்கென்று இழுக்காமல், இலேசாகத் திருகி விடுவிக்க வேண்டும். வடபாலத்தின் நடுவே கண்ணாடி போன்ற சிலிக்கான் வெறுமையாகத் தெரியும். அதன் மூலை உடைந்தால் பலகையே வீண். பழைய பசையை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதிய பசையை அரிசியளவு வைத்தால் போதும். பசை உலோகத்திற்கு ஈடாகாது. மிகுதியாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். ஹீட் சிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முளைகள் நாளடைவில் தளரும். அவற்றின் இடத்தில் வில்லுடன் கூடிய திருகாணிகளைப் பொருத்துவது நலம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். பிராசசருக்கு நீர்க்குளிர்ப்பு அமைத்த சிலருடைய பொறிகள் முன்னிலும் அடிக்கடி நின்றன. காரணம், பிராசசரின் பழைய விசிறி கீழ்நோக்கி வீசிய காற்றில் ஒரு பங்கு பக்கத்திலிருந்த வடபாலத்தையும் தடவிச் சென்றது. விசிறி போயிற்று, ஓசிக் காற்றும் போயிற்று. அத்தகைய பெட்டியில் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி ஒன்றை வடபாலத்தை நோக்கி வைத்தல் வேண்டும். 40 மில்லிமீட்டர்ச் சிறு விசிறி வேகமாகச் சுழன்று இரைச்சலிடும். விரைவில் தேய்ந்து நின்றும் போகும்.

ஏஎம்டி நிறுவனம் 2003-இலும் இன்டெல் 2008-இலும் நினைவகத்தைக் கவனிக்கும் வேலையைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன. பின்னர் வடபாலமே தனிச் சில்லாக இல்லாமற் போயிற்று. தொல்லை தீர்ந்தது என்றே எல்லாரும் நினைத்தனர். ஆனால் 2019-இல் ஏஎம்டியின் எக்ஸ்570 சிப்செட், இணைப்புகளின் வேகத்தை இரட்டித்து வந்தபோது, பெரும்பாலான பலகைகளில் அதன் தலைமேல் பழைய சிறு விசிறி மீண்டும் வந்து அமர்ந்தது. 2021-இல்தான் விசிறியில்லாத பலகைகள் பரவலாக வந்தன. உங்கள் பலகையில் அத்தகைய விசிறி இருந்தால், பெட்டியைத் திறந்து, அது இன்னும் சுழல்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.